வரவேற்பு மாலைக்கு நீ ஒருநாள் முன்னதாகவே வரவேண்டும்

சத்துவாச்சாரி, வேலூர்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழனன்று கிடைத்தது. முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் மனம் லேசாயிற்று. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று தொலைபேசியில் சொன்னேன் அல்லவா, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூர்க்காரர்கள், என் மைத்துனர்கள் ஆற்காட்டில் இருக்கிறார்கள், நாங்கள் வேலூரில். 1989 வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனபோது இவை யாவும் வட ஆற்காடு மாவட்டம் என்ற ஒரே பெயரில் பத்திரிகையில் அடங்கின. அந்த ஆண்டே மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 2019இல் வேலூரை மறுபடியும் மூன்றாக்கினார்கள். அதனால் சின்னவளின் பத்திரிகையில் திருப்பத்தூர், இராணிப்பேட்டை, வேலூர் என்று மூன்று மாவட்டங்களின் பெயர்களையும் போடவேண்டியதாயிற்று. அச்சகத்துக்காரர் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போனார்.

தாலி கட்டுவதற்கு முந்தின மாலையே வரவேற்பு வைக்கிறீர்களே, அது எப்படி என்று தங்கை கேட்டதாக எழுதியிருந்தாய். உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்கு அது விசித்திரமாகத்தான் தெரியும். என் அம்மாவும் கூட அந்தக் காலத்தில் இதை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இன்று பெரும்பாலும் இதுவே வழக்கம். மண்டபத்தை முதல்நாள் பிற்பகலிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை ஒரே வாடகைக்குத் தருகிறார்கள். முகூர்த்தமோ விடிகாலையில் அமைந்துவிடுகிறது. அலுவலகம் விட்டு வருகிறவர்கள், கடையடைத்துவிட்டு வருகிறவர்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டியவர்கள் யாவரும் முந்தின மாலையே வந்து, மணமக்களைப் பார்த்து, மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஆக, ஊருக்குக் கல்யாணம் என்பது அந்த மாலைதான். மறுநாள் காலை சொந்தங்களுக்கு மட்டும். அந்த மாலையை எப்படி நடத்துவது என்பதைப் பற்றித்தான் இந்த இரண்டு வாரமாக எனக்கு யோசனை.

சென்ற ஆண்டு எங்கள் உறவில் ஒரு வரவேற்புக்குப் போயிருந்தேன். யார் வீடு என்று எழுதவில்லை, உனக்கும் தெரிந்தவர்கள்தான். பத்திரிகையில் மாலை ஆறரை மணி என்று இருந்தது. மணமக்களைப் படமெடுப்பதற்காக எங்கெங்கோ அழைத்துப் போய், பிறகு ஒப்பனை, பிறகு உடை மாற்றம் என்று இழுத்து, அவர்கள் மேடை ஏறும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அங்கே வந்திருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். வெள்ளை வேட்டி, கையில் ஊன்றுகோல், சட்டைப்பையில் மொய்க் கவர். மேடைக்குப் போகும் வரிசை கூடத்தின் பாதி வரை நின்றது. ஒலிபெருக்கியில் பாட்டுக்காரர்கள் கத்திக்கொண்டிருந்ததால் நான் அவர் காதருகே குனிந்து பேசியும் அவருக்கு விளங்கவில்லை. சிரித்தபடி தலையை மட்டும் ஆட்டினார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வரிசையிலிருந்து விலகி, மேடையின் பக்கம் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கி ஆசீர்வதித்துவிட்டு, சாப்பிடாமலே ஆட்டோவில் ஏறிப் போனார். மறுநாள் அந்தக் கவரை யாரோ ஒருவர் மூலம் கொடுத்தனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். இலட்சக் கணக்கில் செலவழித்த அந்த மாலையில் என் நினைவில் தங்கியது அந்த ஒரு காட்சிதான்.

ஆகவே கச்சேரி, அலங்காரம், மேடைப் பூ என்று யோசிப்பதற்கு முன்னால், நம் ஆசிரியர் சொல்லித்தந்த கணக்கை வைத்துத்தான் தொடங்கினேன். எழுநூறு பேரை அழைத்தால் அறுநூறு பேர் வருவார்கள் என்று வை. குடும்பம் குடும்பமாக நான்கு நான்கு பேராக மேடை ஏறினால் நூற்றைம்பது கூட்டம். ஏறுவது, வாழ்த்துவது, படமெடுப்பது, இறங்குவது எல்லாவற்றுக்கும் கூட்டத்துக்கு ஒரு நிமிடமே ஆனாலும் நூற்றைம்பது நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பந்திக்கு நூற்றறுபது இலை போடலாம். பரிமாறி, சாப்பிட்டு, இலை எடுத்து, மேசை துடைக்க நாற்பது நிமிடம் ஆகும். நான்கு பந்திக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும். மணமக்கள் ஆறரைக்கே மேடையில் இருந்தால் இரண்டு வேலையும் பக்கம் பக்கமாக நடந்து ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். எட்டுக்கு ஏறினால் எந்தக் கடவுளாலும் பத்தரைக்கு முன் முடிக்க இயலாது. இதைத் தாளில் எழுதி, சின்னவளையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துக் காட்டினேன். கோட்டை அகழியோரம் படமெடுக்கும் ஆசையை அவர்கள் விடவில்லை. ஆனால் அதைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே முடித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்பனைக்கார அம்மாளிடம் பகல் இரண்டரைக்கே வரச்சொல்லியாயிற்று.

வயதானவர்களுக்கு வரிசையே கிடையாது என்றும் முடிவு செய்திருக்கிறேன். முதல் இரண்டு வரிசை இருக்கைகளை அவர்களுக்காக ஒதுக்கிவிட்டு, ஏழு மணி வாக்கில் மணமக்களே கீழே இறங்கிவந்து, ஒவ்வொருவர் காலையும் தொட்டு ஆசி வாங்கிக்கொண்டு மீண்டும் மேடை ஏறுவார்கள். படக்காரர் இதற்கு முகம் சுளித்தார். கீழே வெளிச்சம் போதாதாம். ஒரு விளக்கைக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நம் ஆசிரியருக்கு நானே நேரில் போய்ப் பத்திரிகை வைக்கப்போகிறேன்.

பாட்டைப் பற்றி வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. சின்னவள் மெல்லிசைக் குழு வேண்டும் என்றாள், அவள் தோழிகள் டி.ஜே. வேண்டும் என்றார்கள், என் மனைவி எதுவுமே வேண்டாம் என்றாள். கடைசியில் எட்டு மணி வரை நாதசுரமும் தவிலும், அதற்குப் பிறகு இளைஞர்களின் பாட்டும் ஆட்டமும் என்று பிரித்துக்கொண்டோம். நாதசுரத்துக்கு அந்தக் கூடத்தில் ஒலிபெருக்கியே தேவையில்லை. வாசலோரத்தில் உட்கார்ந்து வாசித்தால் உள்ளே வருகிறவர்களுக்கு அதுவே வரவேற்பு, உள்ளே இருப்பவர்களுக்குப் பேச்சும் கேட்கும். கல்யாணியோ மோகனமோ தொலைவிலிருந்து மிதந்து வந்துகொண்டிருக்க, பழைய சிநேகிதர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவதைவிட ஒரு கல்யாணத்தில் வேறென்ன கலகலப்பு வேண்டும்? இளைஞர்களின் பங்குக்கு மட்டும் ஒலிபெருக்கி உண்டு. அதையும் பத்து மணிக்கு நிறுத்திவிட வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியிலேயே இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் வீடுகள் இருப்பதால் அதை மீறவும் எனக்கு மனமில்லை.

நாற்காலிகளைச் சினிமாக் கொட்டகை போல வரிசையாகப் போடுவதுதான் பேச்சைக் கொல்லுகிறது என்பது என் கட்சி. முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு யார் யாரோடு பேசுவது? முன்வரிசைகளைத் தவிர மற்றவற்றை ஆறு ஆறாக வட்டமிட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். மண்டபத்துக்காரர் இருநூறு நாற்காலி குறையும் என்றார், குறையட்டும், சாப்பாட்டுக்கூடத்தில் எப்போதும் நூற்றறுபது பேர் இருப்பார்கள் அல்லவா? இன்னொன்று, என் மனைவியின் யோசனை இது: இரண்டு வீட்டுப் பழைய படங்களையும் படியெடுத்து, நுழைவழியில் சணல் கயிறு கட்டி அதில் துணி மாட்டும் கவ்விகளால் தொங்கவிடப்போகிறோம். மூலப்படங்களைத் தொங்கவிட நான் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே பூச்சி அரித்தது போதும். ஆம்பூர்ச் சம்பந்தியின் இளமைப்படம் ஒன்று காதுவரை கிருதாவோடு கிடைத்திருக்கிறது. இது யார், அது யார் என்று இரண்டு வீட்டாரும் அங்கேயே நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவள் சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் ஒரு வளையல் கடை, ஒரு மருதாணிக்காரப் பெண், வாசலில் பீடா, அவ்வளவே. பத்துப் பன்னிரண்டு கடை விரித்து மண்டபத்தைத் திருவிழாத் திடலாக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

இனிச் சாப்பாடு. சமையற்காரர் இருபத்திரண்டு வகை எழுதிக்கொண்டு வந்தார். வாழையிலையில் அத்தனையும் வைத்தால் சாப்பிடுகிறவர் கைவைக்க இடமிருக்காது என்று சொல்லிப் பதின்மூன்றாகக் குறைத்தேன். முதலில் அடித்தது காய்கறி பிரியாணியை. சீரகச்சம்பா அரிசியில், விறகடுப்பில், மூடியின்மேல் தணல் போட்டு இறக்கிய பிரியாணியைச் சாப்பிட்டு வளர்ந்த ஆம்பூர்க்காரர்களுக்கு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கறி கூடாது என்பதற்காகப் பீன்ஸும் கேரட்டும் போட்டு அதே பெயரில் பரிமாறுவது அவர்களைக் கேலி செய்வதாகும். கறிவிருந்து அடுத்த ஞாயிறு சம்பந்தி வீட்டிலேயே நடக்கும். அதற்கும் நீ இருக்கவேண்டும். அந்தப் பிரியாணிக்குத் துணையாக வரும் எண்ணெய்க் கத்தரிக்காயை மட்டும் நான் விடவில்லை. சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக் கத்தரிக்காயாகவே வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். காம்பில் முள் குத்துகிறது என்று வெட்டுகிறவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் எண்ணெயில் வெந்தபின் அந்தச் சதை வெண்ணெயாகக் குழைவது வேறு காயில் வராது. இனிப்புக்கு ஆற்காட்டு மக்கன் பேடா. இலைக்கு ஒன்று போதும். உள்ளே முந்திரியும் பாதாமும் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறியது, இரண்டு சாப்பிட்டால் பிறகு சாதத்துக்கு இடமிருக்காது. தண்ணீருக்கு எவர்சில்வர் தம்ளர்தான். பிளாஸ்டிக் குவளைகள் 2019 சனவரி முதல் தடைசெய்யப்பட்டவை. தாம்பூலத்தையும் மஞ்சள் துணிப்பையில் போட்டு, கூடவே குடியாத்தத்துக் கைத்தறித் துண்டு ஒன்று வைக்கிறோம்.

ஆவணியில் எங்கள் ஊரில் பகலெல்லாம் புழுங்கிவிட்டு மாலையில் திடீரென்று இடியோடு மழை கொட்டும். அதனால் வெளியே திறந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை, பீடாக் கடைக்குக் கூடத் தகரக்கூரை உண்டு. சாப்பாட்டுக்கூடம் தரைத்தளம், மேடை மாடியில். மின்தூக்கி இருக்கிறது, ஆனால் மின்சாரம் போனால் அது ஜெனரேட்டரில் ஓடாது என்பதை மண்டபக் காவலாளிதான் மெதுவாகச் சொன்னார், மேலாளர் சொல்லவில்லை. தனி இணைப்புக் கொடுக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆள் போட்டுவிட்டேன், ஒன்றைத் தவிர. பந்தி விசாரிப்புக்கு யாரை நிறுத்துவது என்று தெரியவில்லை. பரிமாறுகிற பையன்கள் சீருடையோடு வருகிறார்கள், கையுறை போட்டிருக்கிறார்கள், வேகமாகவும் போகிறார்கள். ஆனால் இலையை மட்டுமே பார்க்கிறார்கள், சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கல்யாணத்தில் நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, வாளியும் கரண்டியுமாக நான்கு பந்தியிலும் நின்றது எனக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது. மின்விசிறி நின்றுபோன அந்த வைகாசிப் புழுக்கத்தில், பல்லில்லாத என் பாட்டி இலையை வெறுமனே தடவிக்கொண்டிருந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை; நீதான் சமையற்கட்டுக்குப் போய்க் குழைந்த சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து வைத்தாய். சாகும்வரை அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திருநெல்வேலிப் பையன் எங்கே என்றுதான் கேட்டாள்.

வாளி தூக்கவேண்டாம், அதற்குப் பையன்கள் இருக்கிறார்கள். கூடத்தின் வாசலில் ஒரு நாற்காலி போடுகிறேன், உட்கார்ந்துகொண்டே நீ பந்தியைப் பார்த்தால் போதும். வரவேற்புக்கு ஒருநாள் முன்னதாகவே தங்கையோடு வந்துவிடு. காட்பாடிச் சந்திப்பில் இறங்கினால் தம்பி மகன் வண்டியோடு நிற்பான். எந்த வண்டி, எந்தப் பெட்டி என்பதை மட்டும் முன்கூட்டியே எழுது. கீழ்ப் படுக்கை கிடைத்ததா என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்