கட்டுவிரியன் விஷம் தலைக்கு ஏறுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்புக்கடிச் செய்திகளில் ‘விஷம் தலைக்கேறி நினைவிழந்தார்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கட்டுவிரியன் கடியைப் பொறுத்தவரை இது தவறு, ஆபத்தான தவறு. மூளையே போய்விட்டது என்று நம்பும் குடும்பம் சிகிச்சையைக் கைவிட்டுவிடும்.

மூளையும் தண்டுவடமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. கட்டளையும் நரம்பின் கடைசிவரை வந்து சேர்கிறது. தடைபடுவது நரம்பு முனை தசையைச் சந்திக்கும் இடத்தில். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது. கட்டளை வந்ததும் முனையிலுள்ள நுண்பைகள் அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருளைக் கொட்ட, எதிரே தசையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடிக்க, தசை சுருங்கும். நல்ல பாம்பின் நச்சு ஏற்பியை அடைக்கிறது. கட்டுவிரியனின் நச்சோ நுண்பைகளைத் தீர்த்து, நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் ஊசி நல்ல பாம்புக் கடிக்குக் கேட்பதும், கட்டுவிரியனுக்கு அவ்வளவாகக் கேட்காததும் இதனால்தான். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் பிடிக்கும், சிதைந்த முனையைச் சரிசெய்யாது. முனை மறுபடி வளர நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் மூச்சுவிட வேண்டும். மருந்தைச் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இந்தப் பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலி, வீக்கம் அநேகமாக இருக்காது; பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்துவார்கள். இமை சரிகிறதா, ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, படுத்தபடியே தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். ஒன்று தவறினாலும் உடனே 108. கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனால் எச்சில் மூச்சுக்குழாயில் இறங்காது. மூச்சு தடுமாறினால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆக்சிஜன் நின்றால்தான் மூளை கெடும்.

கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல், கைகால் அசையாமல் கிடப்பவரைப் பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் அவருக்குக் காது கேட்கலாம், கட்டிலருகே நின்று நாம் பேசும் ஈமக்காரியப் பேச்சு உட்பட. ‘மூச்சுத் தசைகள் செயலிழந்தன’ என்று உங்கள் நிருபர்கள் இனி எழுதட்டும்.

– ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியர்கள் இருவர், தஞ்சாவூர்