பிரபுவின் காரைத் தோட்டக்காரர் காராக்கித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஷ்ராப்ஷயரில் ஒரு வைக்கோல் கொட்டகையிலிருந்து ட்ரெய்லரில் ஏற்றி வந்த என் 1948 ஆல்விஸ் டிஏ14 என்ற பழைய இங்கிலாந்து கார், போன மாதம் தன் பழைய நம்பரோடு கோவென்ட்ரி ரோட்டில் ஓடியது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டினேன். தூறல்தான், இருந்தாலும் மடக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்ல முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி, எனக்குக் கெட்ட செய்தி சொன்னவருக்கு. விற்றவர் ஒரு கதை சொல்லியிருந்தார்: ஒரு பிரபு தனக்கென்றே செய்யச் சொல்லி வாங்கிய வண்டி, உலகத்தில் ஒன்றே ஒன்று, அவர் மாளிகையிலேயே நின்றது. நான் கொடுத்த விலை அந்தக் கதைக்கும் சேர்த்துத்தான். ஆல்விஸ் கார்க்காரர்களின் கிளப்பில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பதிவுகளைக் கவனிக்கும் பெரியவருக்குப் பெருமையாக எழுதிப்போட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது: முதலில் வாங்கியவர் ஒரு கிராமத்து டாக்டர், பிரபு யாரும் கண்ணில் படவில்லை, மன்னிக்கவும். ஐயா, அன்று ராத்திரி உங்களை மனசுக்குள் திட்டினேன். அதற்கு மன்னிப்பு, மற்றதற்கெல்லாம் நன்றி.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கரூர்க்காரன். ஓசூரிலிருந்து மொட்டைச் சேசிஸை டிரைவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டிவர, எங்கள் ஊர்ப் பட்டறையில் அது பஸ்ஸாவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆல்விஸும் அதே முறைதான். ஹோலிஹெட் ரோட்டில் இருந்த அவர்களுடைய கார் தொழிற்சாலை 1940 நவம்பர் 14 ராத்திரி குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்ததும், போருக்கு முந்தைய 12/70 மாடலை அடிப்படையாக வைத்து இந்த டிஏ14-ஐக் கொண்டுவந்தார்கள். 1892 சிசி, நாலு சிலிண்டர். 1950 வரை 3,311 வண்டிகள். எஞ்சினும் சேசிஸும் அவர்களுடையது, பாடி வெளியே கட்டியது. நிலையான கூரை உள்ள சலூன் காருக்கு பர்மிங்ஹாமின் மல்லினர்ஸ். கூரை மடங்கும் வண்டி என்றால் கோவென்ட்ரியிலேயே கார்பாடீஸ், இல்லாவிட்டால் நியூபோர்ட் பாக்னலின் டிக்ஃபோர்ட். என்னுடையது டிக்ஃபோர்ட். அபூர்வம்தான், ஆனால் ஒன்றே ஒன்று இல்லை. (அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஆல்விஸ் ரீடெயில் பார்க். வாராவாரம் சாமான் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன், பெயரைக் கவனித்ததே இல்லை.)

இந்த பாடிக்குள் இருப்பது மரச்சட்டம், ஆஷ் மரம். பெயின்ட் பார்த்து மயங்கியிருந்த என்னைக் காப்பாற்றியது கரூரில் முப்பது வருஷம் பஸ் பாடி கட்டிய என் சித்தப்பா. வீடியோ காலில் பார்த்துவிட்டு, "தகரத்தை அப்புறம் பார்க்கலாம்டா. கதவுத் தூணுக்கு அடியில ஸ்க்ரூடிரைவரை வெச்சுக் குத்திப் பாரு" என்றார். குத்தினேன். ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் வார்விக்ஷயரில் ஒரு மர ஆசாரியைப் பிடித்தோம். மூன்று குளிர்காலம் வேலை செய்தார். அழுகிய துண்டையெல்லாம் தூக்கிப் போடாமல், எண் போட்டு, அதையே அச்சாக வைத்துப் புதுத் துண்டு செதுக்கினார். கதவின் உட்பலகையைக் கழற்றியபோது ஓரத்தில் பென்சிலால் எழுதிய பாடி எண் தெரிந்தது, நேற்று எழுதியது போல. அந்தத் துண்டுக்கு மட்டும் உளி படவிடவில்லை. பின் ஸீட்டைத் தூக்கினால் ஒரு வாளி மண், கூடவே உடைந்த பூந்தொட்டிச் சில்லுகள். எலி வேலை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினோம்.

எலி இல்லை. கொட்டகைக்காரரின் மகள், எண்பதைத் தாண்டிய அம்மா, நான் மூன்றாவது தடவை போனபோது அலமாரியிலிருந்து இந்த வண்டியின் லாக் புக்கை, அதாவது பழைய பதிவுப் புத்தகத்தை, எடுத்துவந்து மேஜையில் வைத்தார். மடித்து மடித்துக் கிழிந்த, பழுப்பேறிய அட்டை. ஒவ்வொரு உரிமையாளர் பெயருக்கும் பக்கத்தில் கவுன்டி கவுன்சில் முத்திரை. டாக்டர், அடுத்து ஒரு பள்ளி ஆசிரியர், மூன்றாவதாக மாளிகை முகவரியில் ஒருவர். "பிரபு!" என்று கத்தியேவிட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். மாளிகைதான், ஆனால் அதன் வாசலில் இருக்கும் காவல் வீடு. அங்கே இருந்தவர் தலைமைத் தோட்டக்காரர். அவரிடமிருந்துதான் இவர் அப்பா வாங்கியிருக்கிறார். தோட்டக்காரருக்கு எதற்கு மடங்கும் கூரை என்றால், உயரமான செடிகளை நிமிர்த்தியே கொண்டுபோக. பின் ஸீட்டு மண் அப்படி வந்தது. இப்போது அந்தப் பூந்தொட்டிச் சில்லு ஒன்று, குப்பைத் தொட்டியிலிருந்து மீண்டது, டாஷ்போர்டு அறையில் இருக்கிறது. பிரபுவின் கோட்டுப் பொத்தான் கிடைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது. அம்மா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்!

அந்த லாக் புக் இல்லாவிட்டால் நம்பரும் இல்லை. பழைய வண்டிகள் எல்லாம் 1983 முடிவதற்குள் ஸ்வான்சீயில் உள்ள அரசு வண்டிப் பதிவு அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் ஏறியிருக்க வேண்டும், ஏறாதவை நம்பரை இழந்தன. கொட்டகையில் தூங்கிய இதுவும் இழந்தது. வி765 என்று ஒரு படிவம் உண்டு. பழைய ஆதாரத்தைக் காட்டி, கிளப் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் நம்பர் திரும்பக் கிடைக்கும், வேறு வண்டிக்கு மாற்ற முடியாது என்ற நிபந்தனையோடு. கையெழுத்திட்டது, மேலே நான் திட்டியதாகச் சொன்ன அதே பெரியவர்.

கராஜில் இடமில்லாமல் தன் காரை ஐந்து வருஷம் பனியில் விட்ட என் மனைவிக்கு நன்றி, ஐஸ் சுரண்டிய காலைகளுக்குத் தனியாக. "மழை பெய்யற ஊர்ல கூரையில்லாத வண்டிக்கா இத்தனை காசு?" என்று கேட்ட அம்மாவுக்கு: கூரை இருக்கிறது அம்மா, மூன்று நிலையில் நிற்கும். முழுக்க மூடலாம், முன்பாதியை மட்டும் சுருட்டலாம், முழுக்க மடக்கலாம்.

அந்த நடு நிலை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. இடது பக்கக் கம்பி பாதியில் சிக்குகிறது. டிக்ஃபோர்ட் மடக்குக் கூரை தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அடுத்த மடலில் உங்கள் முறை.