முதுகுவலி எல்லாமே டிஸ்க் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மருத்துவப் பக்கத்துல முதுகுவலிக்கு உடற்பயிற்சி போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உடற்பயிற்சி பக்கமே போகக்கூடாத முதுகுவலி ஒண்ணு இருக்கு, அதையும் எழுதணும்.

எங்க மச்சான் பாலக்கோட்டுல தக்காளி வியாபாரம் பண்றாரு. மண்டியில நின்னுட்டிருந்தவருக்கு திடீர்னு நடுமுதுகுல கத்தியால குத்துன மாதிரி வலி, பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு காலும் மரத்துப்போச்சு, ஒண்ணுக்கு முட்டுது ஆனா வரல. காமிச்ச இடத்துல தக்காளிப் பெட்டி தூக்கி டிஸ்க் நகந்திருக்கும்னு ஊசி போட்டு, இடுப்புக்கு பெல்ட் குடுத்து அனுப்பிட்டாங்க. மறுநாள் எம்ஆர்ஐ எடுத்தப்பதான் தண்டுவடத்தை சுத்தி ரத்தம் கசிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது.

இது அபூர்வம்தான். சிலருக்கு தண்டுவடத்துல ரத்தக்குழாய்ங்க சிக்கலா பின்னிக்கிட்டு இருக்கும், சிலருக்கு சின்ன குழாய் ஒண்ணு வீங்கி வெடிக்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் வரலாம். கட்டின ரத்தம் தண்டுவடத்தை அமுக்குனா சில மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்தாதான் கால் திரும்ப வாய்ப்பு அதிகம். எங்கருந்து கசியுதுன்னு பாக்க டிஎஸ்ஏன்னு ரத்தக்குழாய்ங்களை எக்ஸ்ரேல படம் புடிக்கற சோதனை பண்றாங்க. தொடை இடுக்கு வழியா மெல்லிசான ட்யூப் விட்டு, முதுகுக்கு போற குழாய் ஒவ்வொண்ணுலயும், குழாய் படத்துல தெரியறதுக்கான டை மருந்து அடிச்சு பாக்கறாங்க, மணிக்கணக்குல ஆகுது. மச்சானுக்கு முதல் தடவை ஒண்ணுமே தெரியல, கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப எடுத்தப்பதான் கசிஞ்ச குழாய் மாட்டுச்சு. அந்த ட்யூப் வழியாவே குளூன்னு ஒரு பசை மருந்தை செலுத்தி அடைச்சாங்க. அதே குழாயிலிருந்து தண்டுவடத்துக்கும் ரத்தம் போச்சுன்னா குளூ விட முடியாது, காலே போயிடும்னாங்க, அப்ப ஆபரேஷன்தானாம். இப்ப வாக்கர் புடிச்சு நடக்கறாரு.

தருமபுரியில 2008லருந்து மெடிக்கல் காலேஜ் இருக்கு, கிருஷ்ணகிரியில 2022ல வந்துச்சு. ரெண்டு எடத்துலயும் எல்லா மெஷினும் வைங்கன்னு கேக்கல. முதுகுவலியோட கால் மரத்து ஒண்ணுக்கும் அடைச்சுட்டா அன்னைக்கு ராத்திரியே எம்ஆர்ஐ எடுக்கணும், ரத்தம் தெரிஞ்சா இந்த டிஎஸ்ஏ, குளூ ட்ரீட்மெண்ட் பண்ற டாக்டர் சேலத்துல இருக்காரா பெங்களூர்லயான்னு போன்ல கேட்டுட்டு அனுப்பணும், காப்பீட்டு கார்டு அங்க செல்லுமான்னும் சொல்லணும். தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்து ரோடு அடைச்சுக்கிட்ட ராத்திரியில ஆம்புலன்ஸுக்குள்ள உக்காந்து இதெல்லாம் யோசிக்க முடியாதுங்க. ரெண்டு மாவட்ட சுகாதார அதிகாரிங்களும் பதில் சொன்னா உங்க பேப்பர்லயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாலக்கோடு