ஆடியும் மார்கழியும் மட்டும் போதவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிற்றூர்களில் ஊதியம் வாங்காமல் நாடகம் நடத்தும் குழுக்கள் ஏன் நிலைப்பதில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், பணமில்லை என்றும் பார்க்க ஆளில்லை என்றும் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. கும்பகோணத்தில் அப்படிப்பட்ட ஒரு குழுவில் 2008 முதல் உடைகளையும் கணக்கையும் கவனித்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் குழு வளர்ந்த காலத்தையும் தேய்ந்த காலத்தையும் கணக்கேட்டை வைத்துத் திரும்பிப் பார்த்தால், இரண்டுக்கும் காரணமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: மாலையில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்க்க நிலையான ஓர் இடம்.

தொடங்கியபோது நாங்கள் ஏழு பேர். மாதச் சந்தா ஐம்பது ரூபாய். பாத்திரப் பட்டறையில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் கழிவுத் தகட்டில் கிரீடமும் விளக்கும் செய்து தருவார்; திருபுவனத்து நெசவாளர் ஒருவர் பழுதான பட்டுத் துணிகளைக் கொடுப்பார்; மீதியை நானும் இரண்டு பெண்களும் தைத்துவிடுவோம். மேடையும் ஒலிபெருக்கியும் விளக்குகளும் மட்டும் வாடகைக்கு எடுப்போம். அந்தச் செலவுக்கு ஊர் மக்களிடம் உண்டியல் ஏந்தியபோது ஒருமுறைகூட நாங்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பார்வையாளர்களும் வந்தார்கள். காவிரிக் கரையில் நாடகம் என்றால் பாயை எடுத்துக்கொண்டு வந்து உட்காரும் பழக்கம் இன்னும் அற்றுப்போய்விடவில்லை.

ஒத்திகையோ மொட்டை மாடிகளில் நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் பள்ளித் தேர்வு நடக்கும் வீடுகளில் சத்தம் கூடாது. அப்போது எங்களுக்குக் கைகொடுத்தவர் ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் உரிமையாளர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் மண்டபம் பூட்டியே கிடக்கும்; மின்கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளச் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் நாடகங்களின் பிறப்பைப் பஞ்சாங்கமே தீர்மானித்து வருகிறது. ஆடியில் ஒத்திகை பார்த்ததை விநாயகர் சதுர்த்தியை ஒட்டியும், மார்கழியில் பார்த்ததைப் பொங்கலை ஒட்டியும் மேடையேற்றுகிறோம். முப்பது நாளில் அடங்காத நாடகத்தை எடுப்பதே இல்லை. பதினொரு நாடகங்கள் போட்டிருக்கிறோம் என்றால், எடுத்துப் படித்துவிட்டுக் கைவிட்ட பிரதிகள் அதைவிட அதிகம்.

இதில் விதிவிலக்கு 2016 முதல் இரண்டு ஆண்டுகள். பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர், மாலை ஆறு முதல் எட்டரை வரை தம் பள்ளியின் கூட்ட அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். அதன் பலன் நாங்கள் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அதுவரை குழுவில் என்னையும் சேர்த்து மூன்று பெண்களே இருந்தோம். ஓராண்டுக்குள் ஒன்பது பேரானோம். யாரோ ஒருவர் வீட்டு மாடிக்கு மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோர், பள்ளிக்கூடம் என்றதும் தாங்களே கொண்டுவந்து விட்டார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய கல்லூரி மாணவிகள் இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும் என்று உறுதியாகத் தெரிந்ததால் நம்பி வந்தார்கள். ஆண்களுக்குப் புடவை கட்டிவிட்டுக் கொண்டிருந்த நான், அந்த இரண்டு ஆண்டுகளில்தான் பெண்களை மையமாகக் கொண்ட நாடகத்துக்கு முதன்முதலாக உடை தைத்தேன். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனார். எழுத்தில் எந்த ஏற்பாடும் இல்லாததால், அடுத்து வந்தவர் பொறுப்பேற்க முடியாது என்று கூறிவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அந்த நாற்காலியில் முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்பது பெண்கள் மீண்டும் மூவரானோம். கொரோனாக் காலம் மிச்சமிருந்தவர்களையும் கலைத்தது.

இடம் இருந்தால் தன்னார்வக் குழு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் பக்கத்து மெலட்டூரே சான்று. வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்திக்கு ஊர் திரும்பி, வெங்கடராம சாஸ்திரியார் எழுதிய பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகங்களைப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே ஆடுகிறார்கள். அந்த இடமும் நாளும் இன்னவை என்பதை அவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டியது கர்நாடகத்தின் ஹெக்கோடு. சாகர வட்டத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. 1949இல் அவ்வூர் மக்கள் சிலர் சேர்ந்து நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்ற பெயரில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். நீநாசம் என்ற சுருக்கப் பெயரே இன்று எல்லோருக்கும் தெரியும். பாக்கு விவசாயக் குடும்பத்தில் பிறந்த கே.வி. சுப்பண்ணா அதைக் கட்டி வளர்த்தார். 1970களின் தொடக்கத்தில் கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தர் பெயரில் ஒரு நாடக அரங்கம் அந்தக் கிராமத்திலேயே எழுந்தது. அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள்: திரைப்படச் சங்கம் வந்தது, 1980இல் நாடகப் பயிற்சிப் பள்ளி வந்தது, அங்கே பயின்றவர்களைக் கொண்டு 1985இல் ‘திருகாட்ட’ என்ற சுற்றுப்பயண நாடகக் குழு புறப்பட்டு, கர்நாடகத்து ஊர்தோறும் நாடகங்களைக் கொண்டுசென்றது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அக்டோபரில் நடக்கும் அவர்களது பண்பாட்டு முகாமுக்குப் போயிருந்தேன். பகலில் தோப்பில் வேலை பார்த்தவர்கள் மாலையில் அரங்கில் உட்கார்ந்து, அன்றைய நாடகத்தின் காட்சியமைப்பைப் பற்றி விவாதித்ததைக் கேட்டேன். விருதைவிட எனக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது.

இடம் கிடைத்தும் நாடகம் தங்காமல் போன கதை இல்லையா என்று கேட்பவர்களுக்கு, நம் சென்னையையே காட்டலாம். 1891இல் பதினெட்டு வயதுப் பம்மல் சம்பந்தனார் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் ஊதியமின்றி நடித்தார்கள். நடிகன் என்றால் இழிவாகப் பார்த்த காலத்தில் அந்தப் பார்வையை மாற்றியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சபை இன்று அண்ணா சாலையில் உறுப்பினர்களுக்கான மன்றமாக இருக்கிறது. நாடகம் அங்கே தங்காததற்குப் பேசும் படம் வந்தது உட்படக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஹெக்கோட்டில் அரங்கம் எழுந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது என்பதை நான் கவனிக்கிறேன். எனவே இடம் கேட்கிற நாங்கள், வாரத்தில் ஒருநாளாவது அங்கே ஊர்ப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுத்தரும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் கோரிக்கை இதுதான். எங்களுக்கு மானியம் வேண்டாம். மாநகராட்சியிலும் நகராட்சிகளிலும் உள்ள பள்ளிக் கூட்ட அறைகளும் சமுதாயக் கூடங்களும் பெரும்பாலான மாலைகளில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை ஊருக்கு ஒன்றாக, நாடகம், இசை, கூத்து ஆகியவற்றில் ஈடுபடும் தன்னார்வக் குழுக்களுக்கு முறைவைத்து ஓராண்டு எழுத்து ஒப்பந்தத்தில் கொடுக்க வேண்டும். தனி ஒரு தலைமையாசிரியரின் நல்ல மனத்தை நம்பி இருக்கும் ஏற்பாடு அவர் மாறியதும் முடிந்துவிடுகிறது. முடிவெடுக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் விட்டால், பெற்றோரும் அதில் இருப்பதால், நம்பிக்கையும் தொடர்ச்சியும் கிடைக்கும். மேசை உடைந்தால் யார் பொறுப்பு, மின்கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்விகள் நியாயமானவை. முன்பணம் கட்டுகிறோம்; தனி மீட்டர் வைத்தால் அதற்கும் பணம் தருகிறோம்; சாவி வாங்கியவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் இருக்கட்டும். கட்சிக் கூட்டமும் வணிக நிகழ்ச்சியும் அந்த நேரத்தில் கூடாது என்ற விதியை நாங்களே வரவேற்கிறோம்.

அறை சிறியதாக இருக்கிறதே, மேடை இல்லையே என்று எந்தக் குழுவும் சொல்லாது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு இதுதான் வாசல், இதுதான் திண்ணை என்று வைத்துக்கொண்டு நடித்துப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் கோட்டை அடுத்த நாளும் அதே இடத்தில் போட முடிந்தால் போதும்.

இந்த ஆண்டும் ஆடி முதல் நாள் மண்டபத்துச் சாவியை வாங்கியிருக்கிறோம். இப்போது பதினாறு பேர் இருக்கிறோம். அவர்களில் ஐவர் பெண்கள். வழக்கத்துக்கு மாறாக இம்முறை எடுத்திருக்கும் நாடகத்துக்கு நாற்பத்தைந்து நாள் ஒத்திகை வேண்டும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மண்டபத்தைக் கழுவித் துடைத்துச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். மிச்சமிருக்கும் நாட்களுக்கான இடத்தை இந்தக் கடிதம் எழுதும் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.