'அப்துல்' என்று தனியாக ஒரு பெயர் கிடையாது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் இதழின் குழந்தைப் பெயர்ப் பகுதியில் போன வாரம் 'அ' வரிசையில் 'அப்துல் - அடிமை' என்று போட்டிருந்தீர்கள். இதைப் படித்துவிட்டு யாராவது பிள்ளைக்கு வெறும் அப்துல் என்று வைத்துவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன். அது முழுப்பெயர் இல்லை. 'அப்து' என்றால் அடியான். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ல்', அடுத்த சொல்லின் தலையில் இருக்க வேண்டிய 'அல்'. அப்துல் என்று நிறுத்தினால், 'இன்னாருடைய அடியான்' என்பதில் இன்னார் யார் என்று சொல்லாமலே வாயை மூடிக்கொள்கிறோம். அப்துல் கரீம் என்றால் கொடையாளனின் அடியான், அப்துல் காதர் என்றால் ஆற்றலுள்ளவனின் அடியான். பின்னால் வருவது இறைவனின் பெயர். யேசுதாஸ், ராமதாஸ் எல்லாம் இதே கட்டுமானம்தான், வரிசை மட்டும் தலைகீழ்.

'அடிமை' என்று நீங்கள் போட்ட பொருள் தவறில்லை, ஆனால் 'இபாதத்' என்று வழிபாட்டுக்குச் சொல்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான் என்பதால் 'அடியான்' என்பதே பொருந்தும். பழைய ஏற்பாட்டில் வரும் ஒபதியாவும் இதற்கு உறவுக்காரர்: எபிரேயத்தில் கர்த்தரின் அடியான் என்று பொருள். அரபுக் கிறிஸ்தவர்களும் அப்துல் மஸீஹ், அதாவது மெசியாவின் அடியான் என்று பெயர் வைப்பார்கள், அப்துல்லா என்றும் வைப்பார்கள். ஆக இது முஸ்லிம்களுக்கு மட்டுமான வழக்கம் இல்லை, இஸ்லாத்துக்கு முந்தியதும்கூட. நபிகளாரின் தந்தை பெயரே அப்துல்லாதான். அந்தக் காலத்து மக்காவில் சூரியனின் அடியான் என்று அப்து ஷம்ஸ், உஸ்ஸா என்ற பெண் தெய்வத்தின் பெயரில் அப்துல் உஸ்ஸா என்றெல்லாம் இருந்தன. நபிகளாரின் தந்தையுடைய சகோதரர் அபூ லஹபின் சொந்தப் பெயர் இந்த அப்துல் உஸ்ஸாதான். இஸ்லாம் வந்தபின் இவை வழக்கொழிந்தன.

நபிகளாரின் பாட்டனார் அப்துல் முத்தலிபின் கதை இன்னும் சுவாரசியம். அவருடைய இயற்பெயர் ஷைபா. யத்ரிபில், அதாவது இன்றைய மதீனாவில், தாய்வீட்டில் வளர்ந்த சிறுவனைச் சித்தப்பாவோ பெரியப்பாவோ, முத்தலிப் என்பவர் ஒட்டகத்தில் ஏற்றி மக்காவுக்குள் கூட்டிவர, ஊர்க்காரர்கள் 'முத்தலிப் புதிதாக ஓர் அடிமை வாங்கி வந்திருக்கிறார்' என்று நினைத்தார்களாம். அந்த ஊர்வாய்ப் பெயரே நிலைத்துவிட்டது.

உச்சரிப்பு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரபியில் இருக்கும் 28 எழுத்துகளில் 14 எழுத்துகளுக்கு முன்னால் 'அல்' வந்தால் அந்த 'ல்' அடுத்த எழுத்தாகவே மாறிவிடும். அதனால்தான் அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸலாம். 1979இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய பாகிஸ்தான்காரர் அப்துஸ் ஸலாம் என்றே எழுதினார். நாம் அப்துல் ரகுமான், அப்துல் சலாம் என்று நம் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டோம், அதிலெல்லாம் எனக்குக் குறையில்லை.

குறை எங்கே என்றால், படிவங்களில். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கொடுத்தால் நம் ஆட்கள் முதலாவதில் 'அப்துல்', இரண்டாவதில் 'ரஹ்மான்' என்று பிளந்துவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை அரபு தெரிந்தவர் பார்த்தால், பையன் பெயர் 'அடியான்', குடும்பப் பெயர் 'அளவற்ற அருளாளன்' என்று வரும்! இங்கே ஒரு மருத்துவமனையில் டோக்கன் கூப்பிடுகிற பெண் 'அப்துல், அப்துல்' என்று கத்த, நாலைந்து பேர் ஒன்றாக எழுந்து போனோம். எல்லோருக்கும் சீட்டில் அதுதான் எழுதியிருந்தது. வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. காதர், கரீம், ஜப்பார் என்று பின்பாதியைத்தான் கூப்பிடுவோம். அதுவும் இறைவன் பெயராயிற்றே என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், குறிப்பாக வெறும் ரஹ்மானுக்கு. ஆனாலும் அது ஒரு சொல்லாகவாவது முழுசாக இருக்கிறது.

அப்புறம் நம் கலாம் ஐயா. ஏ.பி.ஜே. என்பதெல்லாம் முன்னோர் பெயர்கள். கடைசியில் ஜே என்பது தந்தை ஜைனுலாப்தீன், அதாவது 'வணங்குவோரின் அணிகலன்'. அவருடைய சொந்தப் பெயர் அப்துல் கலாம் என்ற இரண்டும் சேர்ந்தது. கலாம் என்றால் பேச்சு, சொல். மௌலானா ஆசாத் அபுல் கலாம். 'அப்துல்' அல்ல, 'அபுல்'. பேச்சின் தந்தை, சொல்வன்மை மிக்கவர் என்று பொருள். அதுவும் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல, அது முஹியுத்தீன் அகமது. இந்த இரண்டு கலாம்களையும் குழப்பி எழுதுவது பத்திரிகைகளில் சர்வசாதாரணம்.

திருத்தம் போடுவதானால் 'அப்துல்' என்ற வரியை எடுத்துவிட்டு அப்துல்லா, அப்துல் கரீம், அப்துல் லத்தீப் என்று முழுப்பெயர்களாகவே போடுங்கள். உங்கள் அகரவரிசைப்படி அடுத்து 'அபு' வர வேண்டும் என்று நினைக்கிறேன். அதுவும் இதே கேஸ்தான் ஐயா: யாருக்கு அப்பா என்று சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை.