தேதி சொல்லி வருவது தடைக்காலம் மட்டுமே

ஆசிரியருக்கு,

மாறிக்கொண்டே இருக்கும் சூழலில் தொழிலை வழிநடத்துவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை முழுக்கப் பெரிய கம்பெனிகளின் கதை. சரி, ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மீன்பிடி ஊரான மண்டபத்தையும் கொஞ்சம் பார்க்கலாமே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இங்கே தேதி சொல்லி வருவது அது ஒன்றுதான். காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. எல்லையில் படகு பிடிபட்டால் வேலைநிறுத்தம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது இறால் ஏற்றுமதியை நம்பியவர்கள் ஆடிப்போனார்கள்.

இதற்கு நடுவிலும் தாக்குப்பிடிக்கும் மீன் வியாபாரிகள் ஒரே சரக்கை நம்பாதவர்கள். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன், நண்டு. வரத்து கூடி விலை விழுந்தால் கருவாடு. கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்திருப்பார்கள். அதைவிட முக்கியம், ஏலத்தில் நிற்கும் ஆளிடமே விலை முடிவை விட்டுவிடுவார்கள். முதலாளிக்கு போன் போட்டுக் கேட்பதற்குள் மீன் அடுத்தவர் வண்டியில் ஏறிவிடும்! எத்தனை முதலாளிகளுக்கு இதற்கு மனசு வரும் என்பது வேறு விஷயம்.

அதற்காகப் புதிதாக வந்ததில் எல்லாம் பாய்வதும் சாமர்த்தியமல்ல. கடலில் வளர்த்து விற்கும் கப்பாபைகஸ் பாசியை மட்டுமே நம்பிய குடும்பங்கள், 2013 வாக்கில் அது கூட்டமாக அழிந்தபோது வாங்கிய அடி பெரிது. எங்கள் மாவட்டத்து வளமாவூரில் கடற்பாசிப் பூங்கா அமைக்கும் அரசு இதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம், வங்கிகளுக்கு ஒன்று. தடைக்காலத்தில் கடன் தவணையைக் குறைத்து, சீசனில் கூட்டி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி ஒருவர்,
மண்டபம்.