செயலாளரின் ஆண்டறிக்கை: கைப்பேசியோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நடந்த கூட்டங்களை வரிசையாகப் படித்துவிட்டு உட்காருவதுதான் ஆண்டறிக்கையின் வழக்கம். அந்த விவரமெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கைப்பேசியை வைத்துப் பாடம் நடத்திப் பார்ப்பது என்று போன ஆண்டு முடிவெடுத்தோமே, அதில் எது தேறியது, எது தேறவில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தவறு. 40 நிமிட வகுப்பை அப்படியே வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். கட்டைவிரல் குறியும் கும்பிடும் வரிசையாக வந்தன, எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. அடுத்த வாரம் அதிலிருந்து ஒரு சின்னக் கேள்வி கேட்டேன், ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. விசாரித்தால், டேட்டா தீர்ந்துவிடும் என்று பாதி வீடுகளில் டவுன்லோடே செய்யவில்லை, செய்தவர்களும் போனில் இடமில்லை என்று அன்றே அழித்திருக்கிறார்கள். அப்புறம் அதே பாடத்தை 3 நிமிடக் குரல் பதிவாகவும் கரும்பலகையின் ஒரு படமாகவும் சுருக்கினோம். குரல் பதிவு நிமிடத்துக்குச் சில நூறு கேபிதான், பழைய போனிலும் ஓடும், சமையல் வேலைக்கு நடுவே அம்மாக்களும் கேட்டுவிடுகிறார்கள்.

அனுப்பும் நேரத்திலும் கோட்டை விட்டோம். பல வீடுகளில் இருப்பது ஒரே போன், அது காலையில் வேலைக்குப் போகிறவரின் சட்டைப் பையில் கிளம்பிவிடும். காலை 10 மணிக்கு வீட்டுப்பாடம் போட்டுவிட்டு 'மதியத்துக்குள் பதில் அனுப்பவும்' என்று எழுதியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரவு 7 மணிக்கு மாற்றிய பிறகு பிள்ளைகளிடமிருந்து பதில் வரத் தொடங்கியது.

பாடக் குறிப்புகளை ஏ4 தாள் அளவுப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., கைப்பேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. 12 புள்ளியில் அடித்த எழுத்து திரையில் 4 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும், பிள்ளை ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கி, இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். தயவுசெய்து இனி செய்தியாகவே தட்டச்சு செய்து அனுப்புங்கள். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த இலக்கணக் குறிப்புகளைப் பெரிய மனதோடு கொடுத்தார், ஆனால் எல்லாம் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் அடித்தவை, போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்தது வாய்விட்டு வாசிக்கும் பயிற்சி. ஒரு பத்தியைப் படித்துப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு சிறுமி பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். 'மழை' என்பதை 'மளை' என்று சொல்லிவிட்டாள், போட்டுக் கேட்டாள், முகத்தைச் சுளித்தாள், அழித்தாள், மறுபடியும் பதிவு செய்தாள். நான்காவது முறைதான் அனுப்பினாள். 'இன்னொரு தரம் படி' என்று வகுப்பில் நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நான்கு முறை படித்திருக்குமா? ஆசிரியர் காதுக்கு வந்தது ஒரு பதிவுதான், அதற்கு முன்னால் மூன்று முறை அவளே அவளைத் திருத்திக்கொண்டாள்.

அறிவியலுக்கு ஃபைஃபாக்ஸ் என்ற செயலியை வைத்துக்கொண்டோம். ஜெர்மனியில் ஆகென் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்டது, இலவசம், போனுக்குள் இருக்கும் மைக்கையும் அசைவு உணரியையும் அளவுகோலாக மாற்றிவிடுகிறது. அதில் ஒலி கேட்டதும் ஓடி, அடுத்த ஒலிக்கு நிற்கும் ஸ்டாப்வாட்ச் உண்டு. இரண்டு போன்களை 5 மீட்டர் தள்ளி வைத்து, முதல் போன் பக்கத்தில் ஒருவன் கை தட்ட, பிறகு இரண்டாவது போன் பக்கத்தில் இன்னொருத்தி தட்டினாள். முதல் தட்டலுக்கு இரண்டாவது போன் தாமதமாக ஓடத் தொடங்கும், அடுத்த தட்டலுக்கு முதல் போன் தாமதமாக நிற்கும், ஆக 5 மீட்டர் இரண்டு முறை. அதனால் இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்துக்கு இடையே உள்ள வித்தியாசம், ஒலி 10 மீட்டர் கடக்க எடுக்கும் நேரம், ஏறத்தாழ 0.029 நொடி. 10-ஐ அதால் வகுத்தால் நொடிக்கு 340 மீட்டரை ஒட்டி வர வேண்டும். முதல் தடவை நம் கணக்கு எங்கோ போய்விட்டது, காரணம் பின்னால் நின்ற ஒருவனின் தும்மல். அந்தத் தும்மலால்தான் எல்லோருக்கும் சோதனை புரிந்தது என்று நினைக்கிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம். 'வகுப்பில் போனே வேண்டாம்' என்ற தரப்புக்கும் 'காலத்தோடு போக வேண்டும்' என்ற தரப்புக்கும் இரண்டு கூட்டங்கள் சூடாகவே போயின. யுனெஸ்கோவையே இரு பக்கமும் இழுத்தார்கள். 2013-இல் அது வெளியிட்ட கொள்கை வழிகாட்டி, கைப்பேசியை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய வேண்டாம் என்கிறது, 2023 அறிக்கையோ கவனம் ஒருமுறை சிதறினால் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது. பிரான்ஸ் 2018-இலேயே சட்டம் போட்டுப் பள்ளியில் தடுத்துவிட்டது. என் கருத்தைக் கேட்டால், பிள்ளை கையால் ஏதாவது செய்யும் 10 நிமிடத்துக்குப் போன் வேண்டும், மீதி நேரம் அது கண்ணில் படக்கூடாது. கடைசியில் அப்படித்தான் தீர்மானமும் ஆனது. 'எடு' என்றால் எடுப்பது, 'வை' என்றால் ஃபிளைட் மோடில் போட்டு முன் மேசையில் கவிழ்த்து வைப்பது. ஆசிரியர்களுக்கும் இதே விதிதான், இதை மீறியவர்கள் யார் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை.

வரும் ஆண்டில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காக டாக்பேக் (திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதி) பயிற்சி தொடங்க வேண்டும், படம் மட்டும் அனுப்பினால் அதில் இருப்பதை அது சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்ப முடியாது என்பதால் கரும்பலகைப் படத்தோடு இரண்டு வரி விளக்கமும் எழுதும் பழக்கத்தை இப்போதே ஆரம்பியுங்கள். பிறகு, பொதுப் பயன்பாட்டுக்கு வாங்கிய டேப்லெட்டுகளில் ஒன்றின் சார்ஜர் மூன்று மாதமாகக் காணவில்லை. எடுத்துப் போனவர் அடுத்த கூட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிடவும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

இங்ஙனம்,
செயலாளர்